பதினெட்டு மேகசின்களும் தையல் மிஷின் எண்ணெயும்

பிள்ளைகளா, போன வாரம் சின்னவள் என்னிடம் வந்து, “அப்பா, உங்க வேலைய ஒரு வரியில சொல்லுங்க, டீச்சர் எழுதிட்டு வரச் சொன்னாங்க” என்று கேட்டாள். “கேஸ் ஒழுகாம பாத்துக்கிறது” என்றேன். பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அடுப்பு ரிப்பேரா பா?” என்றான். ஒரு வரியில் சொன்னால் அப்படித்தான் ஆகும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அப்பாவின் படிப்பு உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம். பாதி வீடமைப்பாகிவிட்டது, பாதி செம்பனை. நடுவில் வெட்டாமல் விட்ட நாலைந்து வரிசை ரப்பர் மரங்களை எங்கள் முதலாளி, சீனத் தவுக்கே, வாடகைக்கு எடுத்து, உரிமம் வாங்கி, பெயிண்ட்பால் விளையாட்டு நடத்துகிறார். ஆட்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் சாய உருண்டையால் சுடுவார்கள். பட்டால் சட்டையில் மஞ்சளாகவோ நீலமாகவோ அப்பிக்கொள்ளும். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கைத்துப்பாக்கியின் பிடிக்குள் ஒரு பெட்டியைச் செருக வேண்டும். அதுதான் மேகசின். உருண்டையும் அதற்குள்தான், உருண்டையைத் தள்ளும் கேஸும் அதற்குள்தான். கட்டைவிரல் அளவு இரும்புக் குப்பியில் கேஸ் வரும். குப்பி வாயில் ஒரு ரப்பர் வளையம், வால்வில் இன்னொன்று. வளையம் கெட்டால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒழுகிவிடும். ஒழுகும் இடத்தில் விரலை வைத்தால் பனிக்கட்டி மாதிரி சுடும். கேஸை முழுசாக வெளியே விட்ட பிறகுதான் திறக்க வேண்டும். நீங்கள் யாரும் தொட வேண்டாம்.

நான் அங்கே முதலில் புல் வெட்டத்தான் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தஞ்சோங் மாலிமில் கார் பாகங்கள் செய்யும் இடத்தில் இருந்தேன். ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து உங்களைப் பார்ப்பேன். வந்தால் சின்னவள் வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா பின்னால் ஒளிவாள். முட்டி கெட்டு வேலையை விட்டுவிட்டு வந்தேன். புல் வெட்டும் மிஷினை முதுகில் மாட்டி மேடு பள்ளம் ஏறினால் முட்டி ராத்திரியெல்லாம் துடிக்கும். டாக்டர், வேண்டவே வேண்டாம் என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் ஹாஸ்டல்தான். இதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தவுக்கே கூப்பிட்டார். சின்ன வயதில் தோட்டத்து முனையில் அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழ் பேசுவார்.

“தம்பி, பதினெட்டு மேகசின், எல்லாம் போச்சோர், ஒழுகுது. சனிக்கெழம ஆஸ்பத்திரி மிஸ்ஸி கூட்டம் வருது லா, பதினெட்டுப் பேரு. நீ மோட்டார்லாம் பாப்பியே, இத செய்ய முடியுமா? நல்லா செஞ்சா ஸ்டோர் வேல உனக்கு. ஆகலன்னா கோலாலம்பூர்ல இருந்து ஆள் வருவான்.”

“முடியும் தவுக்கே” என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் ஒரு மேகசினைக்கூடத் திறந்ததில்லை.

கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். வளையத்தை மாற்று, எண்ணெய் தடவு, மூடு. என்ன வளையம், என்ன எண்ணெய் என்று நின்று பார்க்கவில்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே? தண்ணீர்க் குழாய்க் கடையில் அதே அளவில் வளையம் இருந்தது. எண்ணெய் வீட்டிலேயே இருந்தது, அம்மாவின் தையல் மிஷின் மேசையில்.

திங்கட்கிழமை பதினெட்டையும் முடித்தேன். ஒவ்வொன்றிலும் கேஸ் குப்பியைப் போட்டு, வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஒரு குமிழி இல்லை. தவுக்கே கட்டைவிரலைக் காட்டினார். அன்று வீட்டுக்கு வரும்போது அப்பம் வாங்கி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குத்தான்.

வியாழக்கிழமை, எதற்கும் பார்ப்போம் என்று ஒரு மேகசினில் குப்பியைப் போட்டேன். ஸ்ஸ்ஸ். இன்னொன்று. ஸ்ஸ்ஸ். பத்து பார்த்ததும் மீதியைத் தொட மனம் வரவில்லை.

துப்பாக்கியையோ மேகசினையோ வெளியே கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். ஒரு வளையத்தை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்தே அம்மா கேட்டுவிட்டாள். அந்த வளையத்தையும், கடையில் வாங்கியதில் மிச்சமிருந்த புதிது ஒன்றையும் மேசையில் வைத்தேன். உங்கள் அம்மா ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் என்ன வேலை செய்கிறாள் தெரியுமல்லவா? கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருக்கும்போது நான் வீடியோவிடம் கேட்டிருக்கிறேன்.

வளையத்தை அமுக்கிப் பார்த்தாள். புது வளையத்தைப் பக்கத்தில் வைத்தாள். நான் கழற்றி வந்தது ஊறின உளுந்து மாதிரி உப்பியிருந்தது.

“என்னங்க, இதுல என்னத்த தடவுனீங்க?”

என் கண் தையல் மிஷின் பக்கம் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

“அடப்பாவி மனுஷா! எண்ணெய எடுத்தது நீங்கதானா? நான் புள்ளைங்க மேல சந்தேகப்பட்டேன்!”

பெரியவனே, அந்த வாரம் நீ வாங்கிய திட்டுக்கு அப்பா மன்னிப்புக் கேட்கிறேன்.

“தோட்டத்துல பொறந்த ஆளு நீங்க,” என்றாள் அம்மா. “ரப்பர்ப் பால் மரத்துக்குக் கீழ வளந்துட்டு, ரப்பருக்குப் போயி மிஷின் எண்ணெய ஊத்துறீங்க. எங்க கம்பெனியில எண்ணெய்க் கையோட குளோவ்ஸ தொட்டாலே சூப்பர்வைசர் கத்துவாங்க. ஊறி, இளகி, கிழிஞ்சிரும்.”

“திங்கக்கெழம நல்லாத்தானே இருந்துச்சு? குமிழியே வரலையே.”

“எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“முக்குனேன், எடுத்தேன்.”

“பஜ்ஜியா சுட்டீங்க? நாங்க தொங்கவிட்டுட்டு நின்னு பாப்போம். ஓட்டைக்கும் நேரம் குடுக்கணும்.”

மறுநாள் காலையில் தவுக்கேயிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். வளையம் மட்டமான சரக்கு என்று கடைக்காரன் தலையில் போட்டுவிடலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் கடைக்காரர் தண்ணீர்க் குழாய்க்குத்தான் கொடுத்தார், கேஸுக்கு என்று நான் சொல்லவே இல்லை. “தவுக்கே, என் தப்பு. வளையமும் தப்பு, எண்ணெயும் தப்பு. இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் குடுங்க” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “மிஸ்ஸிங்க வந்து நின்னா நான் என்ன, தண்ணித் துப்பாக்கி குடுப்பனா?” என்று கேட்டுவிட்டு, லாரிச் சாவியை மேசையில் போட்டார்.

ஈப்போவில் இயந்திரங்களுக்கு வளையம் விற்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்த சீன அம்மா முதல் கேள்வியே, “ஆயரா, மிஞ்ஞாக்கா, கேஸா?” என்றார். தண்ணீரா, எண்ணெயா, கேஸா என்று. இந்தக் கேள்வியை யாராவது முதலிலேயே என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா! கேஸ் என்றேன். வேறு டப்பாவைத் திறந்தார். கூடவே ரப்பரை ஊற வைக்காத சிலிக்கான் எண்ணெயும் கொடுத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பழைய எண்ணெயைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். புது வளையம், ஒரு சொட்டு சிலிக்கான், திருகாணியை அளவாக முறுக்கு. இறுக்கிப்போட்டால் வளையம் நசுங்கிவிடும். பிறகு குப்பி போட்டு ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். சும்மா உட்கார்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு மேகசின் ஆயிற்று. ஒரு குமிழியும் இல்லை. பதினெட்டாவதை விட்டு வெகு நேரம் கழித்து, எடுக்கப் போகும் சமயம், வால்வு ஓரத்திலிருந்து கடுகு அளவில் ஒன்று கிளம்பி மேலே வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அதில் நீல மார்க்கரால் ‘போச்சோர்’ என்று எழுதித் தனியாக வைத்தேன்.

சனிக்கிழமை மிஸ்ஸிகள் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவ்வளவு அமைதியாக இருக்கும் நர்ஸ்களா இப்படிக் கத்துகிறார்கள் என்று தோன்றியது. தவுக்கே எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பதினேழுதான் இருக்கு. ஒன்னு எங்க?”

“அது இன்னும் ஒழுகுது தவுக்கே. கொஞ்சமா. குடுத்தா பாதி ஆட்டத்துல நின்னுரும். குடுக்க மாட்டேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் கூட்டத்திலேயே மூத்த மிஸ்ஸி குறுக்கே வந்தார். “எனக்குத் துப்பாக்கி வேணாம் லா, அண்ணே. விசில் குடுங்க. இதுங்கள வார்டுலயே நான்தான் மேய்க்கிறேன், இங்கயும் மேய்க்கிறேன்.”

ஆட்டம் ஆரம்பித்தது. நான் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். டப், டப் என்ற சத்தம் மரங்களுக்குள்ளே இருந்து வந்துகொண்டே இருந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஒன்றும் வரவில்லை. முதல் ஆட்டம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. ஒருவர்கூட மேகசினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் தவுக்கே வேலியோரம் நின்று படம் எடுக்கப்போய், நெஞ்சில் பச்சையும் முதுகில் மஞ்சளும் வாங்கிக்கொண்டு வந்தார். முதுகில் எப்படிப் பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. விசில் வைத்திருந்தவர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் போன பிறகு தவுக்கே சாயச் சட்டையோடு ஸ்டோருக்குள் வந்தார். நான் எழுதி வைத்திருந்த பதினெட்டாவது மேகசினைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முன்னால் வைத்தார்.

“இதையும் பாரு.”

“இப்பவா தவுக்கே?”

“இப்ப எதுக்கு? திங்கக்கெழம வருவல்ல, அப்ப பாரு.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். புல் வெட்டும் மிஷின் மூலையில் இருந்தது. அதைத் தாண்டி நொண்டி நொண்டி வெளியே வந்து, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“என்ன ஆச்சு?” என்றாள்.

“ஒழுகல” என்றேன்.

அன்று சின்னவள் வாசலுக்கு ஓடி வந்து என் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். அவள் ஒளிந்துகொள்வதை விட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன். அந்தப் பதினெட்டாவதை நான் இன்னும் முழுசாகச் சரி செய்யவில்லை. வால்வில் மயிரிழை போல ஒரு கீறல். நாளைக்கு மறுபடி பார்ப்பேன்.