இரண்டாவது சங்கு

மலேசியாவின் ரவாங்கில் சாலைக்காக வெட்டிய மலைச்சரிவில் பாறை போர்வைபோல மடிந்து கிடந்தது.

"மலை எழும்பும்போது மேல உள்ள கல்லு உடைஞ்சிரும்மா. ஆழத்துல சூடு ஜாஸ்தி, அங்க உடையாம வளையும்," என்றாள் புவியியல் படிக்கும் மகள்.

எனக்கு அம்மா நினைவுக்கு வந்தார்.

சிறுவயதில், பக்கத்துக் கல்குவாரியில் வெடிக்கு முன் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் அம்மா சாமிப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றி மெத்தையில் கிடத்துவார். வெடிச்சத்தத்தில் வீடே குலுங்கும். இரண்டாவது சங்கு கேட்டால்தான், அங்கே வெடி வைக்கும் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஒருநாள் அது ஊதவேயில்லை. நான் உடைந்து கதறினேன். அம்மா கண்ணீர்கூட விடாமல் மெத்தையருகே குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சங்கு ரோசாக் ஆயிருச்சு லா, ஊத மாட்டேங்குது," என்று சிரித்துக்கொண்டே அப்பா வந்தார்.

அம்மா இன்றுவரை தரையில்தான் படுக்கிறார். அன்று கிடத்திய சாமிப் படங்கள், மீண்டும் சுவரில் மாட்டப்படாமல், இன்னும் மெத்தையில் இருக்கின்றன.