இரண்டு குரலும் ஒரே கம்பியில்

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால், அங்கே கேட்பவர் யார்?

என் பக்கத்து வீட்டு அம்மாவின் வாழ்க்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழும். அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. பகலில் அவர் பேச்சை எண்ணித்தான் செலவழிப்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் வாயால் செய்வதை அவர் அந்தப் பிரேக்கால் செய்தார். மாணவர் தப்பு செய்தால் வண்டி நிற்கும். ஏன் நின்றது என்று மாணவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், பின்னால் எத்தனை ஹாரன் அலறினாலும். ‘பிரேக்கம்மா’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இது சிறந்த முறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரிடம் படித்த எனக்கு இன்றைக்கும் ரிவர்ஸ் சரியாக வராது.

மாலையில் வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றி, ஹால் சுவரோரம் இருந்த சின்ன மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்து அக்காவின் எண்ணைச் சுழற்றியதும் ஆளே மாறிவிடுவார். “ஹலோ” என்ற சொல்லை இருவரும் ஒன்றாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு இருவருமே நிறுத்த மாட்டார்கள்.

“மாடிக்காரி மறுபடியும் ஈரத்துணிய என் பால்கனி மேல தொங்கவிட்டுட்டா, நான் விடுவேனா, ஆமாமா, வெந்நீர்ல ஊறவை, சோப்பு போட்டா கறை இன்னும் பிடிச்சுக்கும், நேரா மேல போய் நின்னேன் பாரு, ஐயையோ, அவனா? அவன் எப்பவுமே அப்படித்தானே, நின்னதும் அவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!”

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது இந்தப் பாதிதான். மறுமுனையில் அக்காவும் இதே வேகத்தில் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே வந்த வெந்நீரும் ‘அவனா’வும் அந்தக் கதைக்கான பதில்கள். தன் பேச்சை நிறுத்தாமலே அடுத்தவர் பேச்சைக் கேட்கவும், கேட்டதற்குத் தன் வாக்கியத்தின் நடுவிலேயே பதில் சொல்லவும் அந்த இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே வந்தது. ஒரே அறையில், ஒரே கட்டிலில் தூங்கியவர்கள். கூச்சல் என்று சொல்லிவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கணவர் வீட்டின் பின்னறையில் பல் செட் செய்கிறவர். “எனக்குப் பல்லு பொழப்பு, அவங்க ரெண்டு பேருக்கும் நாக்கு பொழப்பு” என்பார். பழைய செம்புக் கம்பியை விட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறும் விவகாரத்தில் முதலில் கட்சி மாறியவர் அவர்தான். முன்பெல்லாம் பல் மருத்துவர்கள் அச்செடுத்துக் கொடுத்தனுப்புவார்கள். இப்போது தாடையைப் படம்பிடித்து இணையத்தில் அனுப்புகிறார்கள். செம்புக் கம்பி வழியாக அந்தப் படம் ஊர்ந்து வந்தது.

“ஒரு கீழ்த்தாடை வந்து இறங்குறதுக்குள்ள நான் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வச்சிடறேன்மா. அந்த மனுஷன் அங்க பல்லில்லாம கஞ்சி குடிச்சிட்டு இருக்கான்.”

“குடிக்கட்டும். உடம்புக்கு நல்லதுதான்.”

கம்பெனியும் விடுவதாக இல்லை. அந்தப் பகுதியின் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுக்கப் போகிறோம், எல்லோரும் ஃபைபருக்கு மாறிவிட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பிறகு அழைப்புகள். விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் நாள் தவறாமல் கூப்பிட்டுச் சலுகைகளை ஒப்பிப்பார். பிரேக்கம்மா காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேச மாட்டார்.

“ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா? பாத்தீங்களா மேடம், இதுதான் காப்பரோட பிரச்சினை, குரலே வரமாட்டேங்குது!”

கடைசியில் டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவரே வாசலுக்கு வந்துவிட்டார்.

“உங்க தெருவுல எல்லாருமே மாறிட்டாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

“என் போனுக்கு என்ன குறை?”

“குறைன்னு இல்ல. பழசாயிடுச்சு.”

“நானும்தான்.”

பின்னறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். “விட்டுடுங்க சார். அவளை மாத்திப் பாக்கலாம்னு நானும் ரொம்ப வருஷமா முயற்சி பண்றேன்.”

விற்பனைக்காரர் அசரவில்லை. “ஃபைபர்ல எல்லாமே கண்ணிமைக்கிற நேரத்துல வந்துடும் மேடம்.”

“எங்க அக்கா பேசறது இப்பவே அப்படித்தான் வருது.”

“இனிமே காப்பர்ல ஏதாவது கோளாறுன்னா பாக்கறதுக்கு ஆள் வரமாட்டாங்க. அப்ப அக்காவும் வரமாட்டாங்களே?”

விற்பனைக்காரர் சட்டென்று குரலைத் தணித்தார். ஒரு மாதம் வைத்துப் பார்க்கட்டும். பழைய கம்பியைத் தொடப்போவதில்லை. தொலைபேசியை மட்டும் புதுப் பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் திரும்பவும் சுவரிலுள்ள பழைய கம்பியிலேயே மாட்டித் தருவோம் என்றார். பிரேக்கம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். பாதியில் நின்ற கீழ்த்தாடை ஒன்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிரேக்கம்மா விற்பனைக்காரரிடம் சரி என்று தலையாட்டினார்.

பெட்டி வந்தது. பச்சை விளக்குகள் மினுங்கின. தாடைகள் மளமளவென்று இறங்கின. கணவர் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார். மாலை வந்தது.

“அக்கா, இந்த—”

“ஏண்டி, நேத்து—”

இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. புதுப் பெட்டி ஒரு சமயத்தில் ஒரு குரலைத்தான் விட்டது. இருவரும் பேசினால் ஒருத்தர் குரலை விழுங்கியது. விழுங்காத குரலும் ஒரு மூச்சு தாமதித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

“சொல்லுடி.”

“நீ சொல்லுக்கா.”

“இல்ல, நீதானே ஏதோ ஆரம்பிச்ச.”

“ஒண்ணுமில்ல. அக்கா... நல்லா இருக்கியா?”

“ஏண்டி அப்படிக் கேக்குற?”

அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்ததே இல்லை. அடுத்த மாலையும் அதேதான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். “அப்படியா”, “சரிக்கா”, “உடம்பைப் பாத்துக்கோ”. மரியாதை கூடிக்கொண்டே போனது. பேச்சு சீக்கிரமே தீர்ந்தது. போனை வைத்த பிறகு பிரேக்கம்மா அந்த மேசையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார் என்று கணவர் என்னிடம் சொன்னார். தாடைகள் வேகமாக வருவதில் அவருக்கே உற்சாகம் குறைந்திருந்தது.

அக்கா அந்தப் பக்கம் இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் கண்டுபிடித்தார். தன் தங்கைக்குத் தீராத வியாதி. அதை மறைக்கிறாள்.

வார முடிவுக்குள் ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. கணவர் கையில் ஒரு மேல் செட்டோடு போய்த் திறந்தார். பெரிய பையோடு அக்கா நின்றிருந்தார்.

“எந்த டாக்டரு? என்ன சொன்னாரு? எங்கிட்ட மறைக்காதீங்க.”

“மூணாவது தெரு டாக்டர். திங்கக்கிழமைக்குள்ள வேணும்னார்” என்று கணவர் செட்டைத் தூக்கிக் காட்டினார்.

சத்தம் கேட்டுப் பிரேக்கம்மா ஓடி வந்தார். வந்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“அக்கா, என்ன இது கையில கைத்தடி?”

“அது கிடக்கட்டும். நீ எதுக்குடி சாகப்போற?”

“யாரு சொன்னா?”

“நீதான்! நான் பேசி முடிக்கிறவரைக்கும் வாயத் தொறக்காம கேட்டுட்டு இருந்தியே! நல்லா இருக்கிறவ செய்யற காரியமா அது?”

“அது அந்தப் பெட்டிக்கா. கைத்தடி எவ்வளவு நாளா?”

“போன மழைக்கு முன்னாடியே. முட்டி மடங்க மாட்டேங்குது.”

“தெனம் பேசுறோம், ஒரு வார்த்தை சொல்லல?”

“கால்வலியெல்லாம் போன்ல சொல்ற விஷயமா? நமக்குத்தான் சொல்ல ஆயிரம் கதை இருக்கே.”

அக்கா வீடு ஒன்றும் வெகுதூரமில்லை. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிவிடலாம். ஆனாலும் இருவரும் நேரில் பார்த்துக் கிட்டத்தட்ட மூன்று வருஷமாகியிருந்தது. தினமும் இத்தனை பேசுகிறவர்கள் போய்ப் பார்க்க என்ன மிச்சமிருக்கிறது என்று இருவருமே நினைத்திருக்கலாம். குரலில் எல்லாம் வந்துவிடுகிறது என்பது நாம் எளிதாக நம்பிவிடும் விஷயங்களில் ஒன்று.

அன்றைக்குச் சமையலறையில் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். கணவர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு நான் சாட்சி. அவருடைய ஜன்னலும் என்னுடைய ஜன்னலும் எதிரெதிர்.

அக்கா ஒரு வாரம் தங்கினார். பயிற்சிக் காரின் பின் இருக்கையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டார். “இடது பக்கம் பாருப்பா! அந்த ஆளு செல்லைப் பாத்துக்கிட்டே நடக்கறான், அவன் உன்னைப் பாக்கமாட்டான், நீ அவனைப் பாரு!” வண்டி ஏன் நின்றது என்ற காரணம் கேட்காமலே கிடைத்ததில் மாணவர்களுக்குப் பரம சந்தோஷம். அக்காவை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒருவர் பயிற்சிப் பள்ளியில் விசாரித்தாராம்.

அந்த வாரத்திலேயே இருவரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம் இருவரும் ஒன்றாகப் புகாரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

“ஒருத்தர் ஒருத்தரா பேசுங்கம்மா, ஒண்ணும் புரியல!”

“அதைத்தான் சார் உங்க பெட்டியும் சொல்லுது!” என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

அதிகாரி சிரித்துவிட்டார். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். தெருமுனையிலுள்ள பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டியை மொத்தமாக எடுக்கும்வரை, அதற்கு எப்படியும் சில வருஷங்கள் ஆகும், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் செம்புக் கம்பி இருக்கட்டும் என்றார். தாடைகளுக்கு ஃபைபர், தொலைபேசிக்குச் செம்பு என்று முடிவானது. வெளியே வந்தபோது அக்கா கைத்தடியை வெற்றிக்கொடி மாதிரி தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் தங்கையின் தோளைப் பற்றியிருந்தார். அப்படியும் படியிறங்க அவருக்கு நேரமானது.

மறுநாள் காலை அக்கா கிளம்பினார். “சாயங்காலம் கூப்பிடு. பழையபடி” என்று பஸ் படியிலிருந்து சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து லைன்மேன் வந்தார். தொலைபேசியைப் பெட்டியிலிருந்து கழற்றி மறுபடியும் சுவரிலிருந்த செம்புக் கம்பியில் மாட்டினார். “பேசிப் பாருங்க மேடம்.” பிரேக்கம்மா எண்ணைச் சுழற்றினார். அக்கா அப்போதுதான் வீடு சேர்ந்திருந்தார்.

“மாடிக்காரி இன்னிக்கும் துணியத் தொங்கவிட்டா, ஆமா மாட்டிட்டாங்க, நல்லா கேக்குது, என்னது, பையை மறந்துட்டியா? இங்கதான் இருக்கு, நான் எடுத்து வச்சிருக்கேன்...”

இரண்டு குரலும் ஒரே கம்பியில், ஒன்றையொன்று இடிக்காமல் ஓடின. லைன்மேன் சிரித்தபடி ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார்.

பிரேக்கம்மா பேசி முடித்து ரிசீவரை வைத்தார். அக்கா மறந்துவிட்டுப்போன பையைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தார்.

“தம்பி, இதை வெட்டிடுங்க. போனை அந்தப் பெட்டியிலேயே மாட்டிடுங்க.”

“மேடம், நல்லாத்தானே கேக்குது?”

“நல்லா கேக்குது. அக்காவோட கைத்தடி மட்டும்தான் இத்தனை நாளா இதுல கேக்கல.”

“ஆபீஸ்ல சண்டை போட்டு வாங்கினதுன்னு சொன்னாங்களே. வெட்டிட்டா மறுபடியும் கிடைக்காது மேடம்.”

“தெரியும்.”

பின்னறையிலிருந்து கணவர் வந்து நின்றார். “ஏம்மா?” என்றார். அவர் கேட்டதற்குப் பதிலாக, அடுத்த செட்டு முடிந்துவிட்டதா என்று பிரேக்கம்மா கேட்டார். பிறகு லைன்மேனுக்கு வெளிச்சம் படும்படி ஜன்னல் திரையை விலக்கிவிட்டார். லைன்மேன் தயங்கித் தயங்கிச் சுவரோரம் குனிந்து கம்பியை வெட்டினார்.