மச்சான் உட்கார்ந்த அட்டை சோபா

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குப் பெட்டிகளை நசுக்குகிற வேலை. இயந்திரத்தில் வைத்து அழுத்தி, எத்தனை கிலோவில் பெட்டி படுத்துக்கொள்கிறது என்று குறித்துவைப்பார். இருபத்திரண்டு வருடம் இதையே செய்ததில், உலகத்தில் அட்டையை மிஞ்சிய பொருள் கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘அஞ்சு பிளை’. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் வீட்டு மரச்சாமான்களை யார் யாருக்கோ கொடுத்துத் தொலைத்துவிட்டு, கழித்துப்போட்ட பெட்டிகளை அள்ளி வந்தார். உள்ளே நெளிநெளியாகத் தாள் ஓடுகிற ஐந்தடுக்கு அட்டை, தொழிற்சாலைப் பேச்சில் அஞ்சு பிளை. அறுத்து, அடுக்கி, ஒட்டி, அலமாரி செய்தார், மேசை செய்தார், கடைசியில் மூன்று பேர் உட்காரும் சோபாவும் செய்தார். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

தொல்லை தண்ணீரால் வந்தது. அன்றிலிருந்து கூடத்தில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. தரையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி மழையில் நனைந்து வந்தால், தலை காயும்வரை வாசலில் நிற்க வேண்டும்.

“நான் வீட்டுல இருக்கேனா, குடோன்ல இருக்கேனா?”

“நூத்தி எண்பது கிலோ தாங்கும்மா. டெஸ்ட் பண்ணியிருக்கேன்.”

கேட்ட கேள்விக்கும் சொல்கிற பதிலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை.

மனைவியின் அண்ணன் மரக்கடைக்காரர், நல்ல கனத்த உடம்பு. கொளுத்துகிற வெயிலில் ஒரு மத்தியானம் வந்தார்.

“மாப்பிள்ளை, இதுல உக்காரலாமா? இல்ல, என்னையும் பார்சல் கட்டிடுவீங்களா?”

“குதிச்சே பாருங்க மச்சான்!”

மச்சான் குதித்தே பார்த்தார். சோபா அசையவில்லை. அஞ்சு பிளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மச்சானுக்கு வியர்க்க ஆரம்பித்தது. சாதாரண வியர்வை இல்லை, முதுகில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. மரியாதைக்காக எழுந்திருக்காமல் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசப் பேச உயரம் குறைந்துகொண்டே வந்தார். முழங்கால் மார்பைத் தொட்ட பிறகுதான் தங்கை கவனித்தார்.

“அண்ணே, எங்கண்ணே போற?”

இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். மச்சானின் பின்புறத்தில் உரிந்து ஒட்டியிருந்த பழுப்புத் தாளில், அம்புக்குறியோடு ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருந்தது.

“மெஷினுக்கு வேர்க்காதே...” என்று முனகினார் அஞ்சு பிளை.

மனைவி வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தைக் கழுவிவிட்டார். பதினோரு மாத அழுக்கு.

மறுவாரம் அண்ணன் தங்கைக்கு ஒரு தேக்கு நாற்காலி அனுப்பினார். ஒன்றே ஒன்று. அஞ்சு பிளை தரையில் உட்கார்ந்து, அடுத்த சோபாவுக்கு மெழுகு பூசப்போவதாக விளக்கினார்.

“பூசுங்க. ஆனா ஃபேக்டரியில வச்சுப் பூசுங்க.”

அப்படியே செய்தார். முதலாளிக்குப் பிடித்துப்போய், வரவேற்பறையில் போட்டுவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள், நின்றுகொண்டே. உட்காரச் சொன்னால் மட்டும் அவசர வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.