மொட்டை வால் மக்கள்

அழகான மிருகங்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். மூஞ்சியில் பாதி கண், கண்ணில் பாதி கண்ணீர், கழுத்தில் ஒரு கம்பளித் துணி. இதைச் சொல்கிற நான் இருபது வருடமாக அந்த மிருகங்களை வைத்துத்தான் பிழைக்கிறேன். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டுகளுக்கு விதிப் புத்தகம் திருத்துவது என் வேலை. முயல் இனத்தான் எத்தனை அடி தாண்டுவான், முள்ளெலி இனத்தாளைக் கட்டிப்பிடித்தால் எத்தனை காயம் படும், எல்லாம் நான் சரிபார்த்தால்தான் அச்சுக்குப் போகும். தலையெழுத்து.

அந்த இனங்களை யோசித்து வரைகிறவள் மார்லிஸ் கண்டர்சன். ஐம்பத்தெட்டு வயது. பகலில் அவளுக்கு வேறு உத்தியோகம். எங்கள் ஊரான வினோனாவிலிருந்து தெற்கே ஆற்றோர நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மான், ரக்கூன், முயல் எல்லாவற்றையும் அள்ளி லாரியில் போட வேண்டும். வேலை முடிந்து நேரே எங்கள் மேஜைக்கு வருவாள். கோட்டைக் கழற்றியதும் நான் எழுந்து ஜன்னலைத் திறப்பேன். ஜனவரிக் குளிரிலும் திறப்பேன். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் அவள் அந்தக் கையை விட்டால், அதற்குமேல் நான் அந்தப் பாக்கெட்டைத் தொடமாட்டேன்.

பதினைந்து வருடம் அடுத்தவர் புத்தகங்களுக்கு வரைந்தாள். கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் பெயர் வரும். ‘பாசிக்கரை நாடு’ என்ற விளையாட்டுதான் அட்டையில் அவள் பெயரோடு வரப்போகும் முதல் புத்தகம். மொத்தம் ஒன்பது இனங்கள். எட்டு இனம் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி. ஒன்பதாவது, அவள் உயிரை வைத்திருந்த இனம், ஒப்பஸம் மக்கள். ஒப்பஸம் என்பது எங்கள் பக்கம் இரவில் திரியும், கங்காரு மாதிரி குட்டியைப் பையில் சுமக்கும் பூனையளவு பிராணி. எலி மூஞ்சி, ஐம்பது பல், பெண்களுக்கு வயிற்றில் பை, பனியில் கருகிப்போன காது நுனி. வாலில் ஒரு முடி கிடையாது. அந்த மொட்டை வாலில் காய்ந்த சருகைச் சுருட்டிக்கொண்டு படுக்கைக்குப் போவார்கள். படத்தை முன்னோட்டமாக வெளியிட்டதும் வாசகர்கள் காறித் துப்பினார்கள். "உவ்வே" என்று மட்டும் எழுதியவர்களே நாற்பது பேர்.

பதிப்பாளன் டாட் நெளிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மார்லிஸ். வாலுக்கு மட்டும் கொஞ்சம் முடி வெச்சுடலாமே?"

"முடி வெச்சா அது அணில். அணில்தான் ஏற்கெனவே ரெண்டு வகை இருக்கே."

"பொம்மை தைக்கிறவங்க கேக்கறாங்க..."

"அவங்களை ஒரு பிப்ரவரி மாசம் வெளியில படுத்துப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் அவங்க காதையும் வரையறேன்."

டாட் கடைசியில் இறங்கி வந்தான். "சரி, ஞாயித்துக்கிழமை ஆடிப் பாப்போம். மேஜையில எடுபட்டா புத்தகத்துல இருக்கட்டும். இல்லன்னா தூக்கிடணும்." அவள் ஒப்புக்கொண்டாள்.

எங்கள் மேஜைகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று கிடக்கும். ஆட்டத்தில் ஏதாவது யாருடைய பழைய புண்ணையாவது கீறிவிட்டால் அவர் அதைத் தொட்டால் போதும். அந்தக் காட்சி நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. பிற்பாடும் கேட்கக் கூடாது. பகடையில் ஏமாற்றியவனைக்கூட மறுபடி சேர்த்துக்கொள்வோம், காரணம் கேட்டவனைச் சேர்க்கமாட்டோம்.

ஞாயிறு மதியம், நாங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டுக் கடையின் பின்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். மார்லிஸ் கதையை நடத்தினாள். எனக்கு ஒப்பஸம் வியாபாரி வேடம். பாதி வழியில், சாலையோரம் வண்டி மோதிச் செத்துக் கிடக்கிறாள் ஒரு ஒப்பஸம் பெண்.

"வெர்னா, இது உங்க இனத்து வழக்கம்," என்றாள் மார்லிஸ் என்னிடம். " நிக்காம போகக் கூடாது. பையில குட்டி உயிரோட இருக்கான்னு பாக்கணும்."

இந்த விதியை நான் இரண்டு தடவை சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தேன். இரண்டு தடவையும் அவள் திரும்ப எழுதியிருந்தாள். நெடுஞ்சாலையில் அவள் செய்வதும் அதுதான். ஒருமுறை பதினோரு குட்டிகளைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மிருக ஆஸ்பத்திரிக்கு லாரியை ஓட்டிக்கொண்டு போனவள்.

"செத்த பொம்பள வயித்துக்குள்ள நான் கையை விடணுமா?"

"ஆமா. இன்னும் சூடா இருக்கும்." கையைக் குவித்து, விரல்களை மெதுவாக உள்ளே விட்டுக் காட்டினாள். "உருட்டு."

உருட்டினேன். மூன்றுதான் விழுந்தது.

"குட்டி இருக்கு," என்றாள் தணிந்த குரலில். "ஆனா நாம வர்றதுக்கு நேரமாயிடுச்சு."

நான் அட்டையைத் தொட்டேன்.

எனக்கு எந்தப் புண்ணும் இல்லை. அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான். நான் அடித்த விதி ஜெயித்துவிடக் கூடாது என்ற வீம்பும் இருந்தது. மார்லிஸின் முகம் வெளுத்துவிட்டது. "சாலையில ஒண்ணும் இல்ல. வெயில் நல்லா இருக்கு. நடங்க," என்றாள்.

ஆட்டம் முடிந்ததும் டாட் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஒப்பஸத்தை எடுத்துடுங்க."

"வழக்கத்தை மட்டும் எடுத்தாப் போதுமே..."

"முழுசா எடுங்க. என் மேஜையில ஒருத்தருக்கு வலிச்சிருக்கு."

நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

எட்டு இனங்களோடு புத்தகம் வந்தது, சக்கைப்போடு போட்டது. கடை ஜன்னலில் பஞ்சடைத்த முயல்கள் பல்லில்லாமல் சிரிக்கின்றன. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மார்லிஸ் மட்டும் மாறிப்போனாள். வாரம் தவறாமல், கறியும் உருளைக்கிழங்கும் ஒரே பாத்திரத்தில் அடுக்கிய ஹாட்டிஷ் சுட்டு வீட்டுக்கே கொண்டு வந்தாள். தன் தங்கை பேத்தியின் படம் வந்தால் என் கண்ணில் படாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்னையர் தினத்தன்று வந்து பொழுது சாயும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தாள். அந்த விதித் தகராறுக்காக என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்து நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

போன மார்ச்சில் ஹாட்டிஷோடு ஒரு படமும் கொண்டு வந்தாள். அதே சாலை, அதே பெண். பக்கத்தில் மண்டியிட்ட வியாபாரிக்கு என் மூக்கு, என் கண்ணாடி. அவன் உள்ளங்கையில் கண் திறக்காத குட்டி ஒன்று, வாலை அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுல பொழைச்சிடுச்சு," என்றாள். "உனக்குன்னு வரைஞ்சேன். நீ எதுவும் சொல்ல வேணாம் வெர்னா."

ஒரு வருட ஹாட்டிஷ் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது.

"மார்லிஸ், எனக்குக் கொழந்த எதுவும் சாகல. உண்டானதே இல்ல. அன்னிக்கு அருவருப்பா இருந்துச்சு. அதுக்காகத்தான் அட்டையைத் தொட்டேன்."

அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோட்டிலிருந்து லாரி நாற்றம் அடித்தது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

"நான் கேக்கவே இல்லியே," என்றாள்.

படத்தைக் கசங்காமல் சுருட்டினாள். ஹாட்டிஷில் ஒரு மூலைதான் நான் தின்றிருந்தேன். எங்கள் ஊரில் கொண்டுவந்த பாத்திரத்தைச் சாப்பாட்டோடு யாரும் திருப்பி எடுத்துப் போகமாட்டார்கள். அவள் மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.