முதல் அடி பூமிக்கு

கட்டடம் கட்டுமுன் மண்ணைத் துளைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ராஜபாளையத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் நான். மண்ணைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. துளை போடுகிறவர்களோடு கூடவே போய்ப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முக்காலியை நட்டு, கயிற்றில் கட்டிய இரும்புச் சம்மட்டியை எஞ்சினால் உயர்த்தி, குழாயின் தலையில் விட வேண்டும். குழாய் பதினைந்து சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ண வேண்டும். அடி குறைந்தால் மண் இளக்கம், கூடினால் கெட்டி. அவ்வளவுதான் வித்தை. அந்த எண்களை எழுதிய நோட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய என்னிடம் கிடந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு பேராசிரியை அந்தப் பெட்டியைத் தேடி வந்தார். நிலநடுக்கத்தில் மண் குழைந்துபோவதைப் பற்றிப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு தரவுத்தளம் உருவாக்குகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"மண்ணு எப்படி டீச்சர் குழையும்?" என்று எங்கள் ஆட்களில் ஒருவன் கேட்டான்.

"வாய்க்கால்ல ஈர மணல்ல நின்னு காலை ஆட்டியிருக்கீங்கள்ல? தண்ணி மேல வந்து கால் புதையும். பூமி ஆட்டினா வீடு புதையும்."

"நம்ம ஊர்ல பூமி எங்க ஆடுது?"

"ஆடின பொறவு துளை போட்டா, முன்னாடி மண்ணு எப்படி இருந்துச்சுன்னு யார்ட்டப் போய்க் கேக்க?"

அந்தக் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். இத்தனை வருடம் சேர்த்ததைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாயா என்று தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் கடிந்துகொண்டார். "கிணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுபோயிரும்?" என்று சொல்லிவிட்டு வந்தேன். இடத்துக்காரர்களிடம் சம்மதம் வாங்கினோம், பெயர்களை நீக்கினோம். படிப்பில்லாதவன் எழுதிய நோட்டு உலகத்தார் பார்க்கிற இடத்தில் ஏறப்போகிறது என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேராசிரியை சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். அவர் கணினியில் ஏற்றுவார். ஒரு நாள் ஏற்றுவதை நிறுத்திக் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்மாய் ஓரத்து மனை ஒன்றில் பத்தடி தள்ளி இரண்டு துளை போட்டிருந்தோம். ஒன்றில் எட்டு என்றால் மற்றதில் ஆறு. இன்னும் ஆழத்தில் அதில் ஒன்பது, இதில் ஏழு.

"ரெண்டு ரெண்டாவே குறையுது. மண்ணு இம்புட்டு ஒழுங்கா குறையாதுண்ணே. ஆளுதான் குறைப்பாங்க. இது தெளியாம உங்க நோட்டு எதையும் ஏத்த முடியாது" என்றார்.

மறுநாள் ராஜபாளையத்தில் வேலை. எப்போதும் நான் எஞ்சின் பக்கம் நின்று, அடியை எண்ணுகிறவர் கடைசியாகச் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வேன். அன்று அவர் அருகில் போய் நின்றேன். கான்சாபுரத்துக்காரர், எங்களுக்கெல்லாம் மாமா. முன்பு களங்களில் நெல் அளந்தவர். சம்மட்டி விழுந்தது.

"லாபம்" என்றார்.

அதில் புதிதில்லை. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். அடுத்தது இரண்டு. மறுபடியும் சம்மட்டி விழுந்தது.

"ஒண்ணு" என்றார் மாமா.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். "மாமா, லாபத்துக்கு அடுத்தது ரெண்டுல்லா?"

"நெல்லுன்னா ரெண்டு. இது பூமியில்லா? முத அடி அவளுக்கு. பொறுத்துக்கோ தாயின்னு போடுத அடி. அதப் போயி கணக்குல சேப்பாவளா?"

"எப்ப இருந்து இப்படி எண்ணுதீய?"

"எண்ணத் தொடங்குன நாள்ல இருந்துதான். நீ பக்கத்துலதான நிக்க, மாப்ள. காதை எஞ்சின்ட்ட குடுத்திட்டு, கண்ணை நோட்டுல வச்சிட்டு."

நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயை மூன்று முறை பதினைந்து பதினைந்து சென்டிமீட்டராக இறக்கி, முதல் முறை விழுந்த அடிகளை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கூட்டுவது வழக்கம். ஒவ்வொன்றிலும் ஓர் அடி பூமிக்குப் போனால் கூட்டலில் இரண்டு குறையும். கட்டடங்களுக்குப் பழுதில்லை, மண் இளக்கமென்று நினைத்து அஸ்திவாரத்தைக் கூடுதலாகத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் எங்கோ இருக்கிற ஒருவர் நம்பி எடுக்கப்போகிற எண் ஆயிற்றே.

"அப்ப நான் எண்ணுனது அம்புட்டும் பொய்யா?" என்று மாமா கேட்டார்.

"பொய்யில்ல மாமா. ரெண்டு குறைச்சல்."

இரண்டைக் கூட்டிவிடலாமே என்று பேராசிரியையிடம் சொன்னேன். எல்லா நாளும் அப்படித்தான் எண்ணினாரா, எந்தத் துளை அவர் எண்ணியது, இரண்டுக்கும் சாட்சி வேண்டும் என்றார். பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிற எண்ணம் எனக்கில்லை.

கண்மாய் ஓரத்து மனையில் பழைய இரண்டு துளைகளுக்கும் நடுவே, இடத்துக்காரர் அனுமதியோடு இன்னொரு துளை போட்டோம். மாமா தன் வழக்கப்படி எண்ணினார். நான் ஒவ்வொரு அடிக்கும் பலகையில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். அவர் கணக்கில் கூட்டல் ஆறு வந்த இடத்தில் என் பலகையில் எட்டு. துளையின் அடிமட்டம் வரைக்கும் போனோம். ஓர் இடத்திலும் அந்த இரண்டு பிசகவில்லை. "ஏலே, இன்னொருக்க பாத்துக்கோங்க. பொறவு கெழவன் மாத்தி எண்ணிட்டான்னு சொல்லக் கூடாது" என்று ஆட்களை மிரட்டிக்கொண்டே இருந்தார்.

எந்தத் துளை அவருடையது என்பதை நோட்டின் ஓரம் சொன்னது. மதியம் யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்று அங்கேதான் கிறுக்கி வைப்பேன். எல்லோருக்கும் புரோட்டா, மாமாவுக்கு மட்டும் தயிர்ச்சோறு. அவர் வந்த நாளில் வேறு யாரையும் எண்ண விடமாட்டார். பழைய இரண்டு துளைகளின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். எட்டு உள்ள பக்கத்தில் வெறும் புரோட்டா. ஆறு உள்ள பக்கத்தில் தயிர்ச்சோறு ஒன்று.

"தயிர்ச்சோத்தை எந்தக் கட்டத்துலண்ணே ஏத்த?" என்று பேராசிரியை சிரித்தார். ஆனாலும் சாட்சி சாட்சிதான் என்று ஒப்புக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பிரிக்கத் தொடங்கினார். எண்ணெய் பட்டு ஓரம் அழிந்த பக்கங்களை விட்டுவிட்டோம். மனசு கேட்கவில்லை, விட்டோம்.

மாமா சொன்ன எண், திருத்திய எண் இரண்டும் ஏறின. குறிப்புக் கட்டத்தில் இருந்ததை மாமாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: எண்ணியவர் ஒவ்வொரு முறையும் முதல் அடியைப் பூமிக்கென்று விட்டிருக்கிறார், அதைச் சேர்த்துத் திருத்தப்பட்டது.

"பூமிக்குன்னே போட்டிருக்காவளா?"

"அப்படியேதான் போட்டிருக்காவ."

"அப்பச் சரி."

அந்த வாரம் செண்பகத்தோப்புச் சாலையில் துளை. சம்மட்டியைத் தூக்குமுன் மாமா குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஞ்சினை வேறொருவனிடம் விட்டுவிட்டு நான் அவர் பக்கத்தில் நின்றேன். முதல் அடி விழுந்தது.

"லாபம்."

அடுத்தது விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு. காதுல விழுதா, மாப்ள?"

"விழுது மாமா" என்று நோட்டைத் திறந்தேன்.