மாதையன் கேட்ட கேள்வி: ஒரு பெங்களூர்ப் பயணம்

2004 மே மாதம் பெங்களூர் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை, பள்ளி வேலையிலிருந்தும் ஓய்வு. காலையில் எழுந்ததும் இனி எதற்காக என்று தோன்றும். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. நாத்தனார் எஸ்தர்தான், "அண்ணி, பேசாம கிளம்பி வாங்க" என்று போனில் பிடிவாதம் பிடித்தாள்.

ஆம்பூரில் காலை ரயில் ஏறினால் மதியம் ஒரு மணிவாக்கில் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். ஊருக்குள் வருவதாக இருந்தால் அங்கேயே இறங்கிவிடுங்கள், நெரிசல் குறைவு. எஸ்தர் வீடு மர்பி டவுனில்.

"மர்பி டவுனா மேடம்? மார்க்கெட் பக்கமா? பன்னி, பன்னி, குந்துங்க," என்றார் ஆட்டோக்காரர். கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாங்க' என்று அர்த்தம். மீட்டர்படி 28 ரூபாய். மே மாதத்திலும் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. ஆம்பூர் வெயிலிலிருந்து வந்தவளுக்கு அதுவே பெரிய உபசாரம்.

பிரேசர் டவுனில் எஸ்தர் போகும் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பெண்கள் சிலர், சனிக்கிழமைகளில் ஓசூர் சாலைப் பக்கமுள்ள பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வரும் நோயாளிகளுக்குக் கன்னடம் தெரியாது. டாக்டர் சொல்வதை இவர்கள் தமிழில் சொல்வார்கள். மறுநாள் என்னையும் அழைத்துப் போனாள். அடுகோடியைத் தாண்டி, ஆட்டோவில் 45 ரூபாய்.

அங்கே மாதையன் என்றொருவர் படுத்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர், அறுபது வயதிருக்கும். அவர் மகள் செல்வி டாக்டரைப் பார்க்கப் போனாள். மொழிபெயர்க்க எஸ்தரும் உடன் போனாள். நான் சபையிலிருந்து வந்த பழைய டீச்சர் என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த செல்வியின் கண்கள் சிவந்திருந்தன. என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "நோய் முத்திடுச்சாம், இனி செய்ய ஒண்ணுமில்லயாம். அப்பா கேட்டா, வயித்துல வெறும் புண்ணுதான், ஆறிடும்னு சொல்லுங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்த உடனே அவர் கேட்டார்:

"டீச்சரம்மா, நீங்க சாமிக்குப் பயந்தவங்க. பொய் சொல்லமாட்டீங்க. நான் பொழைப்பேனா?"

பத்துக் கட்டளைகளை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான். பொய் சொல்ல முடியாது. மகளைத் தாண்டி உண்மையைப் போட்டு உடைப்பதும் அன்பாகாது. ஆண்டவரே, என்ன சொல்லட்டும் என்று மனசுக்குள் கேட்டேன். ஒரு வருடத்தில் நான் உண்மையாகவே செய்த முதல் ஜெபம் அதுதான்.

"அத நான் சொல்றது முறையில்லீங்க. உங்க மக சொல்லணும். கேக்க மனசு தயாரா?"

தலையை அசைத்தார். "வரச் சொல்லுங்க."

அப்பா கேட்டதைத் தாழ்வாரத்தில் சொன்னதும் செல்வி வெடித்தாள். "உங்களுக்கென்ன! சொல்லிட்டு ரயிலேறிப் போயிடுவீங்க. அழறது நாங்கதான?"

"போகமாட்டேன்மா, பக்கத்துலயே இருக்கேன்," என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். அவர்கிட்ட மறைக்கல. கடைசி ரெண்டு மாசம் நாங்க பேசின மாதிரி அதுக்கு முன்னால பேசினதே இல்ல. அந்தப் பேச்சுதான் இன்னிக்கும் எனக்குத் துணை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழவில்லை. "அப்ப இங்க எதுக்கு கெடக்கறது? வீட்டுக்குப் போலாம்மா. மாங்கா பறிப்பு ஆரம்பிச்சிருப்பாங்க," என்றார். பிறகுதான் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அதற்குள் வந்துவிட்ட எஸ்தரும் நானும் நகராமல் நின்றோம்.

ஞாயிறு காலை சபையில், எல்லோரும் எழுந்து பாடியபோது எனக்கும் குரல் வந்தது. கணவரை இழந்தது எதற்கு என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் நிற்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. அதற்கு நன்றி சொன்னேன்.

ஞாயிறே திரும்புவதாக இருந்தவள் செவ்வாய் வரை தங்கினேன். டாக்டர் வலி மாத்திரைகள் எழுதிக் கொடுத்து, கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். எஸ்தர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். திங்கட்கிழமை வேனில் மாதையனை ஏற்றியபோது, "சீசன் முடியறதுக்குள்ள தோப்புக்கு வாங்க டீச்சரம்மா" என்றார்.

போனேன். தோப்பு நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, எந்த மரத்தில் ஏற வேண்டுமென்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். ஆடி பிறந்த பிறகுதான் காலமானார். செல்வி போனில், "கடைசி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாரும்மா" என்று சொல்லி அழுதாள்.

அதன்பின் மாதம் இருமுறை பெங்களூர் போகிறேன். கன்னடமும் கொஞ்சம் வருகிறது. அந்த ஊருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள், உடன் மொழி தெரிந்த ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வார்டு நர்ஸிடம் முதலில் அனுமதி கேளுங்கள். பழமும் பிஸ்கட்டும் அவசியமில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், அவர்கள் பேசட்டும்.