வட்டத்துக்கு நான் போட்ட எண்கள்

வரிசை எண் இல்லாத பட்டியலை என்னால் இன்றும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மூன்றாம் வகுப்பிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. எண் போடாத விடைக்கு டீச்சர் அரை மார்க் குறைப்பார். எனக்கு ஒருமுறையும் குறைத்ததில்லை.

அப்போது ஷார்ஜாவில், ரோலாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவுக்குப் புஜைராவில் டியூட்டி, அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு கட்டுமானக் கம்பெனியில் தச்சு வேலை பார்த்தார். தங்குவது கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில்; வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எங்களோடு.

கேம்ப்பில் தண்ணீர்த் தொட்டி துருப்பிடித்திருந்தது. ஆள்மாற்றி ஆள் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். வாயால் மூன்று முறை சொல்லியாயிற்று. சங்கம் வைக்க அங்கே அனுமதி இல்லை, வேலைநிறுத்தமும் கூடாது. மிச்சம் இருந்தது ஒரு கடிதம்.

மாமா எங்கள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, சார்ட் பேப்பரில் ஒரு வட்டம் வரைந்து கேம்ப்புக்குக் கொண்டுபோனார். அடுத்த வெள்ளி அது திரும்பி வந்தபோது வட்டத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் பதினொன்று கைநாட்டு. பக்கத்தில் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள். நடுவில் இங்கிலீஷில் கடிதம் எழுதியது அம்மா.

“ஒழுங்கா வரிசையா எழுதக் கூடாதாடா?” என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

“வரிசையா எழுதுனா மொத ஆளப் பிடிச்சு பிளேன்ல ஏத்திவிட்டுருவாய்ங்கக்கா. வட்டத்துல மொத ஆளு யாருன்னு எவன் சொல்லுவான்?”

அந்த நேரம் நான் கீழே தயிர் வாங்கப் போயிருந்தேன். இந்தப் பேச்சை அம்மா சொன்னது, எனக்குக் கல்யாணமான பிறகு.

சாப்பிட்டு முடித்து அம்மாவும் மாமாவும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தாள் கட்டிலில் கிடந்தது. நாற்பத்திரண்டு பெயர், ஒன்றுக்கும் எண் இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் சிறு குழப்பம். எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒன்று போட்டு, வலமாகச் சுற்றிவந்து நாற்பத்திரண்டில் முடித்தேன். சுருட்டி நூல் கட்டியும் வைத்தேன். பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் மாமா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை, சுருள் அப்படியே கேம்ப் ஆபீஸ் மேசைக்குப் போனது.

புதன்கிழமை கம்பெனி வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. சொல்லிக்கொண்டு வர மாமாவுக்குக் கால்மணி நேரம் கொடுத்திருந்தார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று அம்மா அழுதுகொண்டே கேட்டாள். தெரியவில்லை என்றார் மாமா. அவர் செருப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கினேன். கடைசிப் படியில் குனிந்து என்னிடம் பையை வாங்கிக்கொண்டார்.

“நம்பரெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு தாயி.”

டிரைவர் “யல்லா” என்று அவசரப்படுத்தினான். வேன் ஏர்போர்ட் பக்கம் திரும்பியது.

அடுத்த மாதம் தொட்டியை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அன்றைய நாட்குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன்: “மாமா முதல் இடம். அதனால் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். நம்பர் போட்டது நான்.”